பழைய தெருவா, கேட்டட் கம்யூனிட்டியா, புறநகரா: பிள்ளை வளர எந்த இடம்?

வீடு பார்க்கக் கிளம்பும் இளம் பெற்றோர் பெரும்பாலும் மூன்று வகை இடங்களுக்கு நடுவில் திணறுகிறார்கள். நகரத்தின் உள்ளே, கடையும் வீடும் கலந்த பழைய தெரு ஒன்று. காவலும் விளையாட்டுத் திடலும் கொண்ட கேட்டட் கம்யூனிட்டி ஒன்று. நகர எல்லையில், காற்றும் வெளிச்சமும் தாராளமாக உள்ள புறநகர் வீடு ஒன்று. கையில் இருக்கும் பணத்துக்கு உள்ளே சின்ன வீடு கிடைக்கும், வெளியே பெரிய வீடு கிடைக்கும். அதனால் பணக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடிவதில்லை.

சதுர அடி, கடன் தவணை, அலுவலக தூரம் எல்லாவற்றையும் ஒப்பிட நிறைய வழிகள் இருக்கின்றன. இங்கே நான் எடுத்துக்கொள்வது ஒரே கேள்வியைத்தான். அந்த இடத்தில் ஐந்து வயதிலிருந்து பதினெட்டு வரை வளரும் பிள்ளை எப்படிப்பட்ட மனிதராக வெளியே வரும்? வீடு வாங்கும்போது நாம் மிகக் குறைவாகப் பேசும் விஷயம் இது. ஆனால் அதிக நாள் நிற்கப்போவது இதுதான் என்று நம்புகிறேன்.

## இடம் உண்மையிலேயே ஆளை மாற்றுமா?

"படிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும் படிக்கும்" என்பார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். நல்ல பகுதிகளில் வசதியான குடும்பங்களே அதிகம் இருக்கும். அதனால் பிள்ளைகள் நன்றாக வருவது குடும்பத்தாலா இடத்தாலா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஒரு சோதனை இதைப் பிரித்துக் காட்டியது. பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில், அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். வறுமை குறைந்த பகுதிகளில் மட்டுமே செல்லுபடியாகும் வாடகை உதவி ஒரு பிரிவுக்குக் கிடைத்தது. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான வாடகை உதவி, மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. இடம் மாறிய பெரியவர்களின் சம்பளம் உயரவில்லை. ஆனால் அவர்களின் மன நலமும் உடல் நலமும் மேம்பட்டன.

பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, ராஜ் செட்டி, நதானியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் கட்ஸ் ஆகிய பொருளாதார அறிஞர்கள் வரிக் கணக்குகளைப் பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். 13 வயதுக்குள் வறுமை குறைந்த பகுதிக்குப் போன பிள்ளைகள், இருபதுகளின் நடுவில் சுமார் 31 சதவீதம் அதிகமாகச் சம்பாதித்தார்கள். 13 வயதைத் தாண்டிய பிறகு போனவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. சிலருக்குக் கொஞ்சம் பாதகமாகவே முடிந்தது.

இடம் மாறிய 70 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கக் குடும்பங்களை செட்டியும் ஹெண்ட்ரனும் தனியாக ஆராய்ந்தார்கள். நல்ல இடத்தின் பலன் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை, அங்கே வளரும் ஒவ்வோர் ஆண்டுக்கும் சுமார் 4 சதவீதமாகச் சேர்கிறது என்பது அவர்கள் கண்டது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் புதிதாக வந்த பிள்ளைக்கும் உள்ள இடைவெளியில் 4 சதவீதம் ஆண்டுதோறும் குறைகிறது என்று அர்த்தம். முகவரி எவ்வளவு முக்கியமோ, அங்கே எத்தனை ஆண்டு இருக்கப்போகிறோம் என்பதும் அவ்வளவு முக்கியம்.

வருமானம் மட்டுமே வாழ்க்கை இல்லை என்பதும் சரிதான். அதே ஐந்து நகரச் சோதனையில், இடம் மாறிய சிறுமிகளின் மன நலம் மேம்பட்டது, சிறுவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. சில பிரச்சினைகள் அவர்களுக்குக் கூடவும் செய்தன. ஒரே வீட்டிலிருந்து ஒரே இடத்துக்குப் போன அண்ணனும் தங்கையும் அந்த இடத்தை வேறு வேறு விதமாக வாழ்கிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது?

தினமும் யாரைப் பார்க்கும்? என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். 2022-இல் செட்டியின் குழு ஃபேஸ்புக்கில் உள்ள 2,100 கோடி நட்புத் தொடர்புகளை வைத்து ஓர் ஆய்வு செய்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வசதியான நண்பர்கள் எந்த அளவுக்கு இருக்கிறார்கள் என்பது, அவர்கள் வளர்ந்து மேலே வருவதோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. பிள்ளை தான் பார்த்த வேலையைத்தான் கனவு காண்கிறது, தான் கேட்ட படிப்பைத்தான் தேடுகிறது. இது மறுபக்கமும் பொருந்தும் என்று நினைக்கிறேன். வசதியான பிள்ளை தன்னைப் போன்றவர்களை மட்டும் பார்த்து வளர்ந்தால், உலகத்தில் பெரும்பாலானவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியாமலே பெரியவராகிவிடும்.

தனியாக எவ்வளவு தூரம் போகும்? இங்கிலாந்தில் 1971-இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அது 9 சதவீதமாகச் சுருங்கியது. இருபதே ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது, முக்கியக் காரணம் வண்டிப் போக்குவரத்து. கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது, வழி தவறி விசாரித்துத் திரும்புவது, அறிமுகமில்லாத பெரியவரிடம் பேசுவது எல்லாம் துணையில்லாமல் போகும்போதுதான் கைவரும்.

பார்த்துக்கொள்ளும் கண்கள் உண்டா? சிகாகோவில் ராபர்ட் சாம்ப்சனும் சக ஆய்வாளர்களும் 343 பகுதிகளில் 8,782 பேரைப் பேட்டி கண்டு 1997-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தெருவில் பிள்ளைகள் தப்பு செய்தால் அக்கம்பக்கத்தார் தட்டிக் கேட்பார்களா, ஒருவரையொருவர் நம்புகிறார்களா என்று கேட்டார்கள். அந்த நம்பிக்கை வலுவாக இருந்த பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் அது மாறவில்லை.

சத்தமும் பசுமையும். டென்மார்க்கில் 9 லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. பசுமை மிகக் குறைந்த இடத்தில் வளர்ந்தவர்களுக்குப் பின்னாளில் மன நலக் கோளாறு வரும் ஆபத்து 55 சதவீதம் வரை அதிகம் என்றது. பசுமைதான் காரணம் என்று இதை வைத்து மட்டும் அறுதியிட முடியாது. ஆனால் அலட்சியம் செய்யவும் முடியாது.

எத்தனை ஆண்டு இருக்க முடியும்? பெற்றோருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும்? இவை இரண்டும் இடத்தைவிட உங்கள் வேலையையும் வாடகையையும் பொறுத்தவை. ஆனால் மற்ற எல்லாவற்றையும் இவை கவிழ்த்துவிடும்.

## பழைய, கலப்பான தெரு

பல வயதினர், பல தொழில் செய்பவர்கள், சொந்த வீட்டுக்காரரும் வாடகைக்கு இருப்பவரும் ஒரே தெருவில் வசிக்கிறார்கள். முதல் மூன்று அளவுகோலிலும் இதற்கு இணை இல்லை. இங்கே வளரும் பிள்ளை, ஒரே விஷயத்தைப் பாட்டியிடம் ஒரு மாதிரியும் மெக்கானிக்கிடம் ஒரு மாதிரியும் பேசக் கற்றுக்கொள்கிறது. யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை, தானாக வருகிறது. பெரியவர்களின் சண்டை, சமாதானம், நோய், சாவு எல்லாம் அதன் கண் முன்னால் நடக்கின்றன. மனிதர்களோடு பழகும் வேலை எதற்குப் போனாலும் இந்தப் பயிற்சி கூடவே வரும்.

வழி கண்டுபிடிக்கும் திறமைகூட இதில் சேரும். 38 நாடுகளில் கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் விளையாடிய ஒரு கைப்பேசி விளையாட்டை வைத்துச் செய்த ஆய்வு 2022-இல் வந்தது. கட்டம் போட்டாற்போல் நேர் தெருக்கள் உள்ள நகரத்தில் வளர்ந்தவர்களைவிட, வளைந்து நெளிந்த தெருக்களில் வளர்ந்தவர்கள் சிக்கலான வரைபடங்களில் நன்றாக வழி கண்டுபிடித்தார்கள். நேர் தெருக்காரர்களோ ஒழுங்கான அமைப்புகளில் தேறினார்கள். ஆனால் அதே ஆய்வில், நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் பொதுவாக இன்னும் நன்றாகச் செய்தார்கள். அந்தப் புள்ளி புறநகர் பக்கம் சாய்கிறது.

இப்போது மறைந்திருக்கும் விலைக்கு வருவோம். பெரிய விலை வண்டிகள். சான் ஃபிரான்சிஸ்கோவில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் 1969-இல், ஒன்றுபோலவே இருந்த மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளுக்குச் சுமார் 2,000 வண்டிகள் போன தெருவில் ஒருவருக்குச் சராசரியாக மூன்று நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். சுமார் 16,000 வண்டிகள் போன தெருவில் ஒருவர்கூட முழுதாகத் தேறவில்லை, 0.9 பேர்தான். பழைய தெருவின் அருமை எல்லாம் வண்டி குறைவாக இருக்கும் வரைக்கும்தான். பழைய தெரு என்ற பெயருக்காகப் பிரதான சாலை ஓரமாக வீடு பார்ப்பது, அதன் நல்லதை எல்லாம் விட்டுவிட்டுச் சிரமத்தை மட்டும் வாங்குவதாகிவிடும்.

சத்தமும் அப்படித்தான். நியூயார்க்கில் நெடுஞ்சாலைக்கு மேலேயே கட்டிய 32 மாடிக் குடியிருப்பில் இருந்த பிள்ளைகளைப் பற்றி 1973-இல் ஓர் ஆய்வு வந்தது. சத்தம் அதிகமான கீழ்த் தளங்களில் வசித்த பிள்ளைகள், ஒலிகளைப் பிரித்தறிவதிலும் வாசிப்பதிலும் பின்தங்கி இருந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தவர்களிடம் இது தெளிவாகத் தெரிந்தது. பிள்ளை தூங்கும் அறையும் படிக்கும் அறையும் எந்தப் பக்கம் பார்த்து இருக்கின்றன என்பது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு விலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தெருவின் கண்கள் எல்லாரையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. எட்டு வயதில் பாதுகாப்பாக இருந்த அதே கண்கள், பெண் பிள்ளைக்குப் பதினாலு வயதானதும் வேவு பார்க்கத் தொடங்கிவிடும். "உங்க பொண்ணை அங்கே பார்த்தேனே" என்ற ஒரு வரியில் அவள் நடமாடும் எல்லை பாதியாகிவிடும், அண்ணனுக்கோ அது விரிந்துகொண்டே போகும். பழைய தெருவைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், அந்த வரிக்கு என்ன பதில் சொல்வது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். "நான்தான் அனுப்பினேன்" என்று பெற்றோர் உறுதியாகச் சொன்னால் பேச்சு அங்கேயே அடங்கும்.

## கேட்டட் கம்யூனிட்டி

இதன் நல்லதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. மூன்று வயதிலிருந்து ஒன்பது, பத்து வயது வரை இதுபோல வசதியான இடம் அரிது. வண்டி பயம் இல்லை. சாயங்காலம் கீழே இறங்கினால் ஒரே வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பார்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், ஒற்றைப் பிள்ளையாக இருந்தால், இந்த ஒரு விஷயமே முடிவுக்குப் போதுமானதாகப் படும். அதில் தவறில்லை.

சிக்கல் பத்து வயதுக்குப் பிறகு வருகிறது. வளாகத்துக்குள் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தாகிவிட்டது, கேட்டுக்கு வெளியே நடக்க வழி இல்லை. இப்படிப்பட்ட வளாகங்கள் பல, நடைபாதையே இல்லாத அகலச் சாலைகளை ஒட்டியே எழுகின்றன. பதின்மூன்று வயதுப் பிள்ளை எங்கே போக வேண்டுமானாலும் பெற்றோரின் கார் வேண்டும். சுதந்திரமாகத் திரிய வேண்டிய வயதில் அந்தப் பிள்ளை யாராவது கூட்டிப்போகக் காத்திருக்கிறது. விளையாடவும் விதிகள் வந்துவிடும். இங்கே பந்து ஆடாதே, அங்கே சைக்கிள் ஓட்டாதே, எட்டு மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று அசோசியேஷன் போடும் விதிகளில் பதின்வயதினரின் குரல் இருப்பதில்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. ஒரே அளவு வீடு வாங்க முடிந்தவர்கள் ஒரே இடத்தில் சேர்வதால், உள்ளே வருமானமும் வேலையும் வயதும்கூட ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. தன் வீட்டைவிட எளிய வீட்டைச் சேர்ந்தவர்களைப் பிள்ளை பார்ப்பதே இல்லை என்று சொல்ல முடியாது, தினமும் பார்க்கிறது. ஆனால் காவலாளியாக, துப்புரவுப் பணியாளராக, பொருள் கொண்டுவந்து கொடுப்பவராக மட்டுமே பார்க்கிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளையோடு விளையாடியதில்லை, அவர்களிடம் திட்டு வாங்கியதில்லை. பத்து ஆண்டுகள் அப்படியே போனால், மனிதர்களில் ஒரு பகுதியினர் தனக்கு வேலை செய்யவே இருக்கிறார்கள் என்ற எண்ணம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஊறிவிடும். நல்ல மனம் படைத்த பெற்றோரின் பிள்ளைகளிடமும் இது வரும்.

சரிசெய்ய முடியாத குறை இல்லை இது. பல வீட்டுப் பிள்ளைகள் வரும் பள்ளி, வெளியே உள்ள விளையாட்டுக் குழு, பொது நூலகம், வயது வந்ததும் தனியாகப் பேருந்துப் பயணம் என்று வேண்டுமென்றே வெளியே அனுப்ப வேண்டும். அந்த முயற்சிக்கு ஆகும் நேரத்தையும் மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பலர் "பார்த்துக்கலாம்" என்று தொடங்கி, பள்ளி, டியூஷன் என்ற ஓட்டத்தில் விட்டுவிடுகிறார்கள்.

## புறநகர் வீடு

பசுமை, அமைதி, இடவசதி மூன்றிலும் இதுதான் முதலிடம். மண்ணில் கை வைக்கலாம், நாய் வளர்க்கலாம், பிள்ளைக்குத் தனி அறை கிடைக்கும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கோ சத்தத்தால் எளிதில் தவித்துப் போகும் பிள்ளைக்கோ இந்த அமைதி பெரிய கொடை.

இதன் விலை முழுக்க நேரத்தில்தான். அம்மாவோ அப்பாவோ தினமும் மூன்று மணி நேரம் பயணத்தில் செலவிட்டால், அந்தப் பெரிய வீட்டில் பிள்ளையோடு இருக்க யார் இருப்பார்கள்? பள்ளி தூரம் என்றால் பள்ளி நண்பர்களும் தூரம், விடுமுறையில் பிள்ளை தனியாகிவிடும். புதிதாக உருவாகும் பகுதி என்றால் முதல் சில ஆண்டுகள் பக்கத்து மனைகள் காலியாகவே கிடக்கலாம். உங்கள் பிள்ளைக்கு விளையாட்டுத் துணை தேவைப்படும் ஆண்டுகளும் அவையே. அப்புறம் வீடுகள் எழும்போது, பசுமையை நம்பி வந்தவர்களுக்கு அது குறைந்துகொண்டே போகும். பிள்ளை சைக்கிளில் போகும் தூரத்தில் பள்ளியும், பெரியவர்களில் ஒருவருக்காவது வீட்டுக்கு அருகில் வேலையும் இருந்தால் கதை வேறு. அப்போது புறநகர் மற்ற இரண்டையும் எளிதாக மிஞ்சும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | பழைய தெரு | கேட்டட் கம்யூனிட்டி | புறநகர் |
|---|---|---|---|
| பலதரப்பட்ட மனிதர்கள் | மிக அதிகம் | மிகக் குறைவு | பகுதியைப் பொறுத்தது |
| 10 வயதுக்குள் தனியாக நடமாட | வண்டி குறைவாக இருந்தால் நன்று | மிக நன்று | உள் தெருக்களில் நன்று |
| 10 வயதுக்குப் பின் தனியாக நடமாட | மிக நன்று | மோசம் | பேருந்து வசதியைப் பொறுத்தது |
| அமைதி, பசுமை | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| ஒரே வயது நண்பர்கள் | இருக்கலாம் | நிச்சயம் | முதலில் குறைவு |
| மறைந்த விலை | வண்டி, சத்தம், ஊர்ப் பேச்சு | ஒரே மாதிரி மனிதர்கள், கார் சார்ந்த வாழ்க்கை | பயண நேரம், தனிமை |

என் சாய்வைச் சொல்லிவிடுகிறேன். பிரதான சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, பள்ளி நடக்கும் தூரத்தில், வாடகையோ தவணையோ பத்து ஆண்டுகள் தாங்கும் என்றால், வீடு சின்னதாக இருந்தாலும் பழைய தெருவையே எடுப்பேன். ஓர் அறை குறைவதைப் பிள்ளை தாங்கிக்கொள்ளும். மனிதர்கள் குறைவதைப் பின்னாளில் ஈடுகட்டுவது அதைவிடக் கடினம். ஆனால் அந்தத் தெருவில் வன்முறையோ போதைப் பொருள் விற்பனையோ இருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. பிள்ளைக்கு மூச்சுக் கோளாறு இருந்தாலும், தெருவில் எப்போதும் புகை மண்டினாலும் அப்படியே. ஐந்து ஆண்டுகளில் வேறு ஊருக்கு மாற்றலாகும் என்று உறுதியாகத் தெரிந்தால் கேட்டட் கம்யூனிட்டி நல்லது. அங்கே சின்னப் பிள்ளைக்கு நட்பு உடனே கிடைக்கும், தெருவிலோ அது மெல்லத்தான் வேர்விடும்.

## ஏற்கெனவே ஓர் இடத்தில் இருப்பவர்களுக்கு

இருக்கும் இடம் சரியில்லை, மாறலாமா என்று யோசிப்பவர்களுக்குப் பிள்ளையின் வயதுதான் முதல் கேள்வி. 1971 முதல் 1997 வரை டென்மார்க்கில் பிறந்த 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2016-இல் வெளியானது. 12 முதல் 14 வயதுக்குள், அதுவும் ஒரே ஆண்டில் பல முறை வீடு மாறியவர்களிடம், பின்னாளில் தற்கொலை முயற்சி, வன்முறைக் குற்றம், போதைப் பழக்கம் ஆகியவற்றின் ஆபத்து அதிகமாக இருந்தது. வசதியான குடும்பங்களிலும் இதே போக்குதான்.

ஆறு, ஏழு வயது என்றால் தயங்காமல் மாறுங்கள், பலன் சேர ஆண்டுகள் மீதம் இருக்கின்றன. பதின்மூன்று என்றால், இப்போதைய இடத்தில் ஆபத்து இல்லாதவரை பள்ளிப் படிப்பு முடியும்வரை பொறுப்பது மேல். கட்டாயம் மாற வேண்டியிருந்தால் பள்ளியையாவது மாற்றாமல் இருக்கப் பாருங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை நாளில், மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரை அந்த இடத்தில் நடந்து பாருங்கள். விற்பவர் வார இறுதிக் காலையில்தான் கூட்டிப்போவார், அப்போது எல்லா இடமும் அமைதியாகத்தான் இருக்கும். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் வெளியே திரிகிறார்களா, அவர்களில் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா, வழி கேட்டால் ஒருவர் நின்று பதில் சொல்கிறாரா என்று கவனியுங்கள். அங்கேயே வளர்ந்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை யாராவது கிடைத்தால், சாயங்காலங்களில் எங்கே போவார்கள் என்று கேளுங்கள். வீட்டை இரண்டாவது முறை பார்க்கப் போவதைவிட அந்தப் பதிலில் அதிகம் தெரியவரும்.